ஒரு கண்ணி கூடுதல்

கம்பளி எனக்கு ஆகாது.
நங்கையா குன்னூரிலிருந்து ஆசையாய்க் கொண்டுவந்த சால்வையை
மடியில் வைத்துக் காப்பி குடித்து முடிப்பதற்குள்
முழங்கை மட்டும் தடிப்புத் தடிப்பாக.
மூக்கு எங்கள் தெருக்குழாய் மாதிரி,
எட்டு நாள் வராது, வந்தால் நிற்காது.
"நல்லாருக்குதுங் நங்கையா" என்பதற்குள் ஏழு தும்மல்.
எண்ணியது அவர்தான்.
எனக்கெங்கே எண்ண நேரம்.

பிழைப்பு என்னவோ நூலில்.
மங்கலம் ரோட்டுக் கம்பெனியில் செக்கிங் டேபிள், பதினோரு வருசம்.
ட்யூப்லைட்டுக்குக் கீழே ஓடுகிற துணியில்
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விழுந்த கண்ணி
எல்லாம் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும்.
பருத்தியோடு எனக்கு ஒரு வம்பும் கிடையாது.
செம்மறியோடும் கிடையாது;
கன்னிவாடிச் சந்தையில் தடவிப் பார்த்திருக்கிறேன்,
ஒன்றும் ஆகவில்லை.
நம்ம ஊர்ச் செம்மறிக்குக் கம்பளியே இல்லையென்று
ஆட்டுக்காரர் சிரித்தார்.

இன்னொன்றும் இருக்கிறது.
இடது வலது எனக்கு வராது.
வண்டியில் பின்னால் உட்கார்ந்து
"லெஃப்ட்ல திரும்புங்க" என்பேன்,
கை வலது பக்கம் நீளும்.
பதினெட்டு வருசத்தில் அவர்
என் வாயைக் கேட்பதை விட்டுவிட்டார்.
கண்ணாடியில் கையைத்தான் பார்க்கிறார்.

அவரை மட்டும் சும்மா விடுவதா?
விளக்கை அணைத்த பிற்பாடு
மூன்று தரம் ஸ்விட்சைத் தொட்டுப் பார்ப்பார்.
தயிர்ச்சோற்றின் மேல் ரசம் ஊற்றுவார்.
தூறல் விழுந்தால் செருப்பைக் கழற்றி
இடுப்பில் குழந்தை போல வைத்துக்கொண்டு நடப்பார்.

நங்கையா மகளுக்குப் பெண் குழந்தை.
குன்னூர்க் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர்,
கம்பெனியில் மிஞ்சின தடிப் பருத்தி நூலில்
நானே போடுவதென்று வாய்விட்டுவிட்டேன்.
மெர்ச்சன்டைசிங் துளசிமணி தாள் ஒன்று
பிரின்ட் எடுத்துத் தந்தாள்.
கட்டம் கட்டமாக.
கறுப்பு, வெள்ளை, உள்ளே புள்ளி, சாய்ந்த கோடு.
கீழேயிருந்து மேலே படிக்கணுமாம்.
முதல் வரிசை வலமிருந்து இடம்,
அடுத்தது இடமிருந்து வலம்.
"ஏர் ஓட்டற மாதிரி அக்கா."
ஏர் ஓட்டுகிற மாட்டுக்கு யாரும் தாள் கொடுப்பதில்லை, துளசி.

பார்க்கப் பார்க்க அது
பஸ் புக்கிங்கில் போன சீட்டும் மிச்ச சீட்டுமாகத் தெரிந்தது.
ஜன்னலோரமெல்லாம் போயிருந்தது.
ஸ்கேல் வைத்தேன், நகர்ந்தது.
வலது ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன்,
வலது கட்டைவிரல் நகத்தில் இன்னொன்று.
பொட்டும் பொட்டும் ஒரே பக்கம். எவ்வளவு சுலபம்!
ஃபேன் காற்றில் தாள் பறந்து விழ,
எடுத்துத் திருப்பி வைத்தேன்.
தலைகீழாக.

வரவேண்டியது கொம்புள்ள மான்.
நாலு காலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு,
கொம்பு மண்ணுக்குள் வேர்விட்டு
என்னவோ ஒன்று வந்தது.
முருங்கை மரமா என்றாள் துளசிமணி.
அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு,
"ஆடு படுத்திருக்குது" என்றார்.
மூன்று தரம் பிரித்தேன்.
நாலாவது தரம் மனசு வரவில்லை.

அறுபத்திநாலு கண்ணி போட்டது.
முடிக்கையில் அறுபத்தைந்து.
அடுத்தவர் துணியில் விழுந்ததைப்
பத்தடி தள்ளியிருந்தே பிடிக்கிறவளுக்கு
தன் ஊசியில் ஏறியது எங்கேயென்று தெரியவில்லை.
முதலாளியாக இருந்தால் ரிஜெக்ட் போட்டிருப்பேன்.
நானோ தாயத்து மாதிரி ஒரு முடிச்சுப் போட்டுப்
பார்சல் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.
"ஏனுங் சாமி, இதுல முன்பக்கம் எதுங்?"
"பட்டன் வலது பக்கம் வர்றாப்புல, நங்கையா"
என்று சொல்கையில் என் கை
சமையல்கட்டு ஜன்னலைக் காட்டியது.
அவர் கையைப் பார்த்தார்.
போனை வாங்கினார்.
"இடது பக்கமுங் அக்கா."

அந்தப் பக்கம் குழந்தை தும்மினது கேட்டது.
பருத்திதான் நங்கையா, சுத்தமான பருத்தி, என்று கத்தினேன்.
பனியா இருக்குமுங், என்றாள்.
பிறகு இன்னொரு தும்மல்.